கிர் மாலை சவாரி: காசு கொடுப்பது சிங்கத்துக்கு, கணக்குப் பார்க்க வேண்டியது வெளிச்சத்துக்கு

குஜராத்தின் சாசன் கிர்ரில் வனத்துறை நடத்தும் ஜிப்சி (திறந்த ஜீப்) சவாரிக்கு ஒரு நாளில் மூன்று வேளை: விடிகாலை, முற்பகல், பிற்பகல். கேமராவோடு போகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு விடிகாலைக்குப் பதிவு செய்கிறார்கள். அது கிடைக்காதபோதுதான் பிற்பகல் சவாரியைத் தொடுகிறார்கள். சிங்கத்தைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அந்த வரிசை சரி. சாயங்கால வெயிலில் சிங்கத்தைப் படம் எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு அந்த மூன்றாவது வேளை எப்படி என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நவம்பர் பின்பாதி, டிசம்பர், மார்ச் என்றால் தாராளமாகப் போகலாம். பிப்ரவரியில் மாலை சவாரி வேண்டாம். அந்த மாதம் காலை சவாரியே மேல். காரணம் சிங்கத்திடம் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது.

பூங்கா ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும். திறந்த நாளிலிருந்து பிப்ரவரி கடைசி வரை மாலை சவாரி 3 மணி முதல் 6 மணி வரை. மார்ச் பிறந்ததும் 4 முதல் 7 வரை என மாறிவிடும். (நேரப்பட்டியலை அவ்வப்போது மாற்றுவதுண்டு. பர்மிட்டில் அச்சாகியிருக்கும் நேரமே கணக்கு.) வாயில் இப்படி மணி பார்த்து மூடுகிறது. சூரியனோ தன் போக்கில் நகர்கிறது. கிர் இந்திய நேரக்கோட்டுக்கு வெகு மேற்கே இருப்பதால் அங்கே பொழுது சாய்வது தாமதம். சென்னையில் டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறதே என்று அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம்.

நவம்பர் நடுவிலும் டிசம்பர் தொடக்கத்திலும் சாசனில் சூரியன் மறைவது மாலை 6.05 வாக்கில். ஜனவரி முதல் தேதி சுமார் 6.15, மாதக் கடைசியில் 6.35, பிப்ரவரி நடுவில் 6.45 என்று தள்ளிக்கொண்டே போகும். மார்ச் முழுக்க 6.50க்கும் 7 மணிக்கும் இடையே, மே நடுவில் 7.15ஐ ஒட்டி. இதை வாயில் நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். டிசம்பர் தொடக்கத்தில் வாயில் மூடும்போது சூரியனும் மறைகிறது. சாய்வெயில் முழுவதும் உங்கள் கைக்கு வரும். பிப்ரவரி நடுவில் வாயில் மூடும்போது சூரியன் அடிவானத்துக்கு மேலே கிட்டத்தட்ட 10 பாகை உயரத்தில் நின்றுகொண்டிருக்கும். வெளிச்சம் பழுக்கத் தொடங்கும்போது ஜிப்சி வெளியே போகும் பாதையைப் பிடித்திருக்கும். மார்ச்சில் நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போவதால் நிலைமை மறுபடி சீராகிவிடுகிறது.

இன்னொன்றையும் கழிக்க வேண்டும். 6 மணி என்பது வாயிலைத் தாண்டி வெளியே வர வேண்டிய நேரம். கடைசி இருபது நிமிடமாவது திரும்பும் ஓட்டத்திலேயே போய்விடும். அந்த ஓட்டத்தில் வழியில் சிங்கம் படுத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஆனாலும் வண்டி நிற்பது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான்.

மறைவுக்குச் சற்று முன் வரும் பொன் வெயிலுக்காகக் காத்திருப்பது திறந்த புல்வெளிக்குச் சரி. கிர் தேக்குக் காடு. 12 மீட்டர் மரம் 60 மீட்டர் தள்ளி நின்றால், 11 பாகைக்குக் கீழே இறங்கிய சூரியனை அது மறைத்துவிடும். ஆகவே காட்டுக்குள் சிங்கத்தின் மேல் நேரடியாக வெயில் விழுவது சூரியன் 10 முதல் 15 பாகை உயரத்தில் இருக்கும்போதுதான். அதாவது மறைவுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன் தொடங்கி முக்கால் மணி நேரத்துக்கு முன் முடிந்துவிடும். டிசம்பரில் 4.50 முதல் 5.20 வரை. மார்ச்சில் 5.45 முதல் 6.10 வரை. அதற்குப் பிறகு வெயில் கிடைக்கும் இடங்கள் மூன்றே: ஆற்றுப் படுகை, மரம் விலகிய வெளி, மேற்கு நோக்கிப் போகும் வண்டித்தடம். கைடிடம் பேச ஒரு விஷயம் இருக்கிறது என்றால் அது இதுதான். 'சிங்கம் எங்கே?' என்று கேட்டால் அவரே அறியாத கேள்வி. 'ஐந்தேகாலுக்கு மரமில்லாத வெட்டவெளியில் நிற்கலாமா?' என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

பதிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குஜராத் வனத்துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பர்மிட் எடுக்க வேண்டும். அதே சாயலில் பெயர் வைத்த தனியார் தளங்கள் பல உண்டு. முகவரி அரசுத் தளத்தினுடையதுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரு பர்மிட்டில் 6 பேர் வரை போகலாம். ஜிப்சி வாடகை, கைடு கட்டணம், கேமரா கட்டணம் எல்லாம் தனித்தனி. பதிவில் கொடுத்த அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். எந்த வழியில் போவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, அது ஒதுக்கித் தரப்படும். தீபாவளி வாரமும் கிறிஸ்துமஸ் வாரமும் குஜராத் முழுக்க விடுமுறை மனநிலை; அந்த நாட்களில் இடம் கிடைத்தாலும் படத்துக்குத் தோதான அமைதி கிடைக்காது. ஜூனாகத்திலிருந்து சாசன் சுமார் 60 கி.மீ.

ஆறு பேர் போகலாம் என்பதற்காக ஆறு பேர் ஏறினால் படம் கெட்டது. திறந்த ஜிப்சியில் பின்னால் ஒருவர் காலை மாற்றிப் போட்டால் முன்னால் இருப்பவரின் 600 மி.மீ. லென்ஸ் துள்ளும். படம் எடுப்பவர்கள் மூன்று பேருக்கு மேல் ஒரு வண்டியில் வேண்டாம். செலவு தலைக்கு இரண்டு மடங்காகும். இந்தச் சவாரியில் கூடுதலாகச் செலவழிக்க நியாயமான ஒரே இடம் அதுதான்.

ஜிப்சியில் கண்ணாடிச் சன்னல் கிடையாது. மற்ற காடுகளில் கார்க் கதவின் மேல் பீன்பேக்கை (லென்ஸைத் தாங்க வைக்கும் தானியப் பை) போடுவதுபோல இங்கே போட முடியாது. கிடைப்பது இருக்கைக்கு முன்னால் போகும் இரும்புக் குழாயும் பக்கவாட்டுத் தகடும். குழாய் உருண்டை என்பதால் சாதாரணச் சதுரப் பீன்பேக் நழுவும். நடுவில் பள்ளம் விழுந்து இருபுறமும் தொங்கும் வகை, அதாவது கழுதை முதுகில் போடும் பொதி மாதிரியானது, சரியாக உட்காரும். காலியாகக் கொண்டுபோய், சாசன் கடைத்தெருவில் கம்போ அரிசியோ ஒன்றரை முதல் இரண்டு கிலோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். கம்பு சின்னதாக இருப்பதால் லென்ஸின் அடிப்பாகத்துக்கு ஏற்ப நன்றாக அமுங்கும். பையை முக்கால்வாசிதான் நிரப்ப வேண்டும். விம்மிப்போனால் லென்ஸ் அதன்மேல் உருளும். முக்காலிக்கு வண்டியில் இடமில்லை. ஒற்றைக்கால் தாங்கியை வண்டித் தரையில் ஊன்றினால் எஞ்சின் அதிர்வு நேராக லென்ஸுக்கு ஏறும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, பீன்பேக்கில் லென்ஸைப் போட்டு, வண்டியில் இருப்பவர்கள் அசையாமல் இருந்தால் படுத்திருக்கும் சிங்கத்துக்கு 1/125 கூடப் போதும். ஆறேழு படங்களைத் தொடர்ந்து எடுத்து அதில் கூர்மையானதைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஆகவே மாலை மங்கும்போது உங்கள் கையில் இருக்கும் மிக விலையுயர்ந்த கருவி டிரைவரின் சாவிதான். இதை வாயிலிலேயே, புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்தி தெரியாதவர்களுக்கு மூன்று தொடர் போதும்: 'எஞ்சின் பந்த்' என்றால் எஞ்சினை நிறுத்தணும், 'தோடா பீச்சே' என்றால் கொஞ்சம் பின்னால், 'தோடா ஆகே' என்றால் கொஞ்சம் முன்னால். சிங்கத்தின் எதிரே நின்றுகொண்டு இதை உரக்கச் சொல்வது கூடாது. தோளில் மெதுவாகத் தட்டினால் போதும் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

எத்தனை மீட்டரில் நிற்பது என்பதில்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. கிர் சிங்கம் ஜிப்சியைக் கண்டு மிரளாது. டிரைவர்களும் பயணி மகிழட்டும் என்று எட்டு, பத்து மீட்டர் வரை கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கிருந்து எடுத்தால் சிங்கத்தைக் குனிந்து பார்த்த மாதிரி இருக்கும். ஜிப்சியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரம். படுத்திருக்கும் சிங்கத்தின் கண் அரை மீட்டர். 10 மீட்டரிலிருந்து பார்த்தால் கேமரா 8 பாகைக்கு மேல் கீழ்நோக்கிச் சாய்கிறது. பின்னணி முழுக்கத் தரையும் சருகும்தான். 30 மீட்டர் தள்ளி நின்றால் அந்தச் சாய்வு 3 பாகைக்குள் வந்துவிடும். சிங்கம் உங்கள் கண்ணுக்கு நேரே இருப்பதுபோலத் தெரியும், பின்னால் இருக்கும் தேக்கும் மங்கிக் கரையும். கிட்டப்போவதைவிட எட்ட நின்று நீண்ட லென்ஸைப் போடுவது இங்கே நல்ல படம் தரும். எழுந்து நின்று எடுப்பது இரட்டைத் தவறு: சாய்வும் கூடும், வண்டியும் ஆடும். வெளியே எட்டிக் குனிவதற்கு அனுமதி இல்லை. இறங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

25 மீட்டரில் 400 மி.மீ. லென்ஸ், முழுச் சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் இரண்டேகால் மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். பக்கவாட்டில் நிற்கும் சிங்கம் வாலை விட்டால் அதில் அடங்கிவிடும். அதே இடத்தில் 600 மி.மீ. போட்டால் ஒன்றரை மீட்டர். முகமும் தோளும் வரும். 10 மீட்டரில் 200 மி.மீ. பிடிப்பது 1.8 மீட்டர். கிர்ருக்கு 200 முதல் 600 வரை ஓடும் ஒரு ஜூம் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். சோனி 200-600, நிக்கான் இசட் 180-600 இரண்டும் இங்கே நன்றாகப் பொருந்துகின்றன. இரண்டிலும் ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளாது. முன்னே போகும் ஜிப்சி கிளப்பும் செம்புழுதியில், நீண்டு சுருங்கும் லென்ஸ் குழலில் ஒட்டிய தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கேனன் ஆர்எஃப் 100-500 எடை குறைவு, படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது நீளும் வகை, நீண்ட முனையில் துளையும் எஃப் 7.1 (இந்த எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). ஆர்எஃப் 200-800ஐ நீண்ட முனையில் எஃப் 9ல்தான் திறக்க முடியும். சோனி, நிக்கானின் எஃப் 6.3ஐவிட ஒரு ஸ்டாப் குறைவு, அதாவது பாதி வெளிச்சம். டிசம்பர் ஐந்தரை மணிக்கு அந்த ஒரு ஸ்டாப் வலிக்கும்.

இரண்டாவது கேமரா உடல் இருந்தால் அதில் 70-200 எஃப் 2.8. இல்லாவிட்டால் லென்ஸை மாற்றும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். புழுதிக்கு நடுவே கேமராவைத் திறந்தால், அன்றைக்கு எடுத்த ஒவ்வொரு வானத்திலும் புள்ளி இருக்கும்.

வெளிச்ச அளவுகளுக்கு வருவோம். சாய்வெயில் நேராக விழும் சிங்கம்: எஃப் 6.3, 1/1000, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 500 முதல் 800. அதே நேரத்தில் சிங்கம் தேக்கு நிழலில் இருந்தால்: எஃப் 6.3, 1/500, ஐஎஸ்ஓ 2000. சூரியன் மறையப் போகும் கடைசி நிமிடங்களில் நிழலில்: எஃப் 6.3, 1/500க்கு ஐஎஸ்ஓ 8000 வரை போகும். எஃப் 2.8 இருந்தால் அதே இடத்தில் ஐஎஸ்ஓ 1600. இவை தொடக்கப் புள்ளிகள்தான். வானத்தில் மெல்லிய மேகம் இருந்தால் ஒரு ஸ்டாப் முன்னே பின்னே ஆகும். ஷட்டரையும் துளையையும் கையால் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுவது இங்கே நல்லது, ஏனென்றால் வெயிலில் நிற்கும் சிங்கம் நான்கு எட்டு வைத்தால் நிழலுக்குள் போய்விடும். ஆனால் ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சவரம்பைப் பார்த்து வையுங்கள். முன்பு எப்போதோ 3200க்கு அடைத்து வைத்ததை மறந்துவிட்டால், மங்கலில் எடுத்த படமெல்லாம் இருட்டாக வரும். பிறகு கணினியில் தூக்கினால் நிழலில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் கிளம்பும். ஐஎஸ்ஓ 8000ல் சரியாக எடுத்த படம், 3200ல் இருட்டாக எடுத்துப் பின்னால் வெளுக்க வைத்ததைவிடத் தோற்பதில்லை. இருட்டாகிவிடுமோ என்ற பயத்தில் ஷட்டரை இறக்கி ஆடிப்போன படத்தைத்தான் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

கேமராவின் அளவுமானியை முழுதாக நம்ப வேண்டாம். நிழல் கட்டிய தேக்கந்தண்டுகளுக்கு முன்னால் வெயில் பட்ட சிங்கம் இருந்தால், கேமரா இருட்டைப் பார்த்துவிட்டுச் சிங்கத்தை வெளுக்க வைக்கும். முதலில் போவது தாடையின் வெள்ளை மயிர்தான். எக்ஸ்போஷர் திருத்தத்தில் மைனஸ் 0.7 வைத்தால் சரியாகும். நிழலில் சிங்கம், பின்னால் வெயில் பட்ட காய்ந்த புல் என்றால் நேர்மாறு: பிளஸ் 0.7. பின்வெயிலில் பிடரி ஓரம் தீப்பற்றியதுபோல ஒளிரும் படம் வேண்டுமானால் மைனஸ் 1 முதல் மைனஸ் 1.3 வரை; பின்னணி இருட்டாக இருக்கும் கோணத்தில் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும், வெளுத்த வானம் பின்னால் வந்தால் அந்த ஓரம் கரைந்துவிடும். முன்னே போன ஜிப்சியின் புழுதி இந்த ஒரு படத்துக்கு மட்டும் உபகாரம். வெயில் அதில் பட்டுப் பொன்தூள் மாதிரி நிற்கும். சிங்கம் அதைக் கடக்கும்வரை விரலைத் தயாராக வைத்திருங்கள்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் சாயங்காலத்துக்குப் போன காரணமே போயிற்று. அந்த மஞ்சளைக் குறை என்று நினைத்துக் கேமரா திருத்திவிடும். 5300 கெல்வினில் பூட்டிவிட்டு ரா (RAW) கோப்பாக எடுங்கள். நவம்பரில் இலை இன்னும் பச்சையாக இருக்கும். நிழலில் நிற்கும் சிங்கத்தின் வயிற்றுப்பக்கம் பச்சைச் சாயை விழும், அதற்குப் பிற்பாடு மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ள வேண்டும். மார்ச்சில் தேக்கு மொட்டையாகிவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அப்போது வேறு தொல்லை: சிங்கமும் சருகும் ஒரே நிறம். புரசு பூத்திருக்கும் வழி ஒதுக்கிக் கிடைத்தால் பின்னணியில் ஒரு சிவப்புத் தீற்றல் கிடைக்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

ஃபோகஸ் தவறுவதும் இந்த நிற ஒற்றுமையால்தான். விலங்குக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் கேமராக்கள் வெளியில் நிற்கும் சிங்கத்தைப் பளிச்சென்று பிடிக்கின்றன. புல்லுக்குப் பின்னால் படுத்த சிங்கம் என்றால் முன்னே நிற்கும் புல்லைக் கூர்மையாக்கிவிட்டு முகத்தைக் கோட்டைவிடும். அப்போது கண் தேடலை அணைத்துவிட்டு, மிகச் சிறிய ஒற்றைப் புள்ளியை எடுத்துக் கண்ணின் உள்மூலையில் வைக்க வேண்டும். அங்கே கறுப்புக் கோடும் வெளிர் மயிரும் அடுத்தடுத்து இருப்பதால் ஃபோகஸுக்குப் பிடி கிடைக்கும். இந்த மாற்றத்தை ஒரு பட்டனில் வைத்துக்கொண்டு கண்ணை எடுக்காமல் மாற்றப் பழகிவிட்டுப் போங்கள். 600 மி.மீ., எஃப் 6.3, 15 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் 24 சென்டிமீட்டர்தான். நேராகப் பார்க்கும் சிங்கத்தின் கண்ணுக்கு வைத்தால் மூக்கு நுனி லேசாகக் கலங்கும். மூக்குக்கு வைத்தால் படம் வீண்.

மார்ச்சில் போகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை சுட்ட மண்ணிலிருந்து கானல் எழும். 40 மீட்டருக்கு அப்பால் எடுத்த எல்லாமே பாலாடை படிந்ததுபோல வரும். லென்ஸைக் குறை சொல்லி சர்வீஸுக்கு அனுப்பியவர்கள் உண்டு. லென்ஸில் ஒன்றுமில்லை, காற்றில் இருக்கிறது. ஐந்துக்குப் பிறகு அது அடங்கும்.

சிங்கம் என்ன செய்யும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பகல் முழுக்க அது படுத்தே கிடக்கும். முதல் ஒன்றரை மணி நேரத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நிழலில் சாய்ந்த வயிறு. வெயில் இறங்கும்போது முதலில் தலை நிமிரும், பிறகு நக்கிக்கொள்ளும், பிறகு கொட்டாவி. ஒரு கொட்டாவியைத் தவறவிட்டால் கவலை வேண்டாம், அடுத்தடுத்து வரும். காது பின்னால் மடங்கி மேலுதடு சுருங்கும் நொடியில் அழுத்தத் தொடங்கினால் வாய் முழுக்கத் திறந்த நிலை தொடரில் விழும். வாய் திறந்ததைப் பார்த்த பிறகு அழுத்தினால் கண் மூடிய முகம்தான் கிடைக்கும். மூன்று நான்கு கொட்டாவிக்குப் பின் அது எழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போதே ஷட்டரை 1/1000க்கு ஏற்றிவிடுங்கள். எழுந்ததும் உடம்பைச் சிலுப்பினால் பிடரிக்கு 1/2000 வேண்டும். எழுந்த சிங்கம் பெரும்பாலும் வண்டித்தடத்தையே பிடித்து நடக்கும். முள்ளில் நடப்பதைவிட அதற்கும் அதுதான் சுலபம். டிரைவர் அதன் பின்னாலேயே போக நினைப்பார். பின்புறம் எத்தனை எடுத்தாலும் பின்புறம்தான். தடம் வளைந்து வரும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நிற்க முடியுமா என்று கைடிடம் கேட்பது பலன் தரும்.

ஆப்பிரிக்கப் படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு கிர்ருக்கு வராதீர்கள். இங்கே ஆண் சிங்கத்தின் பிடரி அடர்த்தி குறைவு, காது வெளியே தெரியும், வயிற்றின் நடுவே நீளமாக ஒரு தோல் மடிப்பு தொங்கும். அந்த மடிப்பு பக்கவாட்டுச் சாய்வெயிலில்தான் தெளிவாகத் தெரியும். இது கிர் சிங்கம் என்று சொல்லும் அடையாளமும் அதுதான், அதற்காக ஒரு பக்கவாட்டுப் படமாவது எடுங்கள். ஆண்கள் பெண்களோடும் குட்டிகளோடும் சேர்ந்து திரிவது இங்கே அபூர்வம். இணைசேரும்போதோ பெரிய இரை விழுந்தபோதோதான் ஒன்றுகூடும். குடும்பமாக எல்லோரும் ஒரே சட்டகத்தில் வேண்டும் என்று அடம்பிடித்தால் நாட்கள் போகும். செவ்வானத்துக்கு முன்னால் கருநிழல் சிங்கம் என்பதும் நடக்காத காரியம்: அடிவானமே மரத்துக்குப் பின்னால் இருக்கிறது, செக்கர் படர்வதற்குள் வாயிலும் மூடிவிடும். இந்தச் சவாரி தருவது முகம், கண், பொன்னிறத் தோல், காட்டு நிழல். அதில் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காததைத் தருகிறது. ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது இந்த வட்டாரத்தில் மட்டும்தான். 2020ல் 674 என்று கணக்கிடப்பட்டது 2025ல் 891 ஆனது.

சேவையின் பெரிய குறை வரிசை. வனக்காவலர்கள் சிங்கத்தின் இருப்பிடத்தைத் தெரிந்து சொல்வதால் பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது. அதே காரணத்தால் ஜிப்சிகளும் அங்கே சேர்கின்றன. முறை வைத்து அனுப்பும்போது உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் கேமராவில் எதையும் தேடக்கூடாது. வரிசையில் நிற்கும்போதே அளவுகளை வைத்து, சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கத்துக்கு ஏற்ப இருக்கையில் நகர்ந்துகொள்ளுங்கள். டிசம்பரில் சூரியன் மறைவது நேர் மேற்கில் இல்லை, 25 பாகை தெற்கே தள்ளி. மார்ச் 20 வாக்கில்தான் நேர் மேற்கு. தேக்குக் காட்டுக்குள் திசை குழம்பும், கைபேசித் திசைகாட்டி உதவும்.

தேவலியா பூங்காவை இதற்கு மாற்றாக யாராவது சொன்னால் தெளிவாக இருங்கள். அது 412 ஹெக்டேர் வேலியிட்ட பரப்பு. சிங்கத்தைப் பார்ப்பது ஏறக்குறைய உறுதி, குழந்தைகளோடு போக நல்ல இடம். காட்டுச் சிங்கம் என்று தலைப்பிட்டுப் போட முடியாது. அதைவிட மோசம், பூங்காவுக்கு வெளியே தோட்டத்திலோ வயலோரத்திலோ 'ராத்திரி காட்டுகிறோம்' என்று வரும் அழைப்பு. ஆசியச் சிங்கங்களில் பாதிக்கும் மேல் இப்போது கிர் தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வெளியேதான் வாழ்கின்றன. அதைச் சாதகமாக்கிக் கன்றைக் கட்டியும் டார்ச் அடித்தும் நடத்தும் வேலை இது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கண்ணில் விழுந்திருக்கும் ஒளிப்புள்ளி சூரியனுடையது இல்லை.

சவாரி முடிந்து அறைக்குப் போனதும் லென்ஸைத் துணியால் துடைக்கப் பாயாதீர்கள். கிர் புழுதியில் மணல் கலந்திருக்கும், துடைத்தால் முன்கண்ணாடியில் கீறல் விழும். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றாமல், முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதுபந்தால் முதலில் கண்ணாடியை, பிறகு ஜூம் வளையத்தின் இடுக்கை, கடைசியாகக் கேமராவும் லென்ஸும் சேரும் விளிம்பைச் சுற்றி ஊதுங்கள். அதற்குப் பிறகு ஈரத்துணியால் வெளியுடம்பை மட்டும். மறுநாளும் மாலை சவாரி இருந்தால் பீன்பேக்கையும் வெளியே கொண்டுபோய் நான்கு தட்டுத் தட்டுங்கள், புழுதி பாதி அதில்தான் இருக்கும்.